வைஃபை பெயரைப் போனிலிருந்தே மாற்றும்போது எங்கே சிக்கினால் என்ன செய்வது

வீட்டு வைஃபையின் பெயரை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் மாற்றிய கையோடு டிவி போச்சு, கேமரா போச்சு, நெட்டே போச்சு என்று அரை நாள் அல்லாடுவதை எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. வீட்டிலுள்ள சாதனங்கள் எல்லாம் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் படிப்படியாக எழுதாமல், உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

தொடங்குமுன் ஒன்று. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், உள்ளே ரீசெட் பட்டன். என்ன ஆனாலும் அதைத் தொடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"போன் செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன், பெயர் மாற்றும் இடமே இல்லை"

இருக்காது. வைஃபை பெயர் போனில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. நொடிக்குச் சுமார் பத்து முறை ரவுட்டர் தன் பெயரைக் காற்றில் கூவிக்கொண்டே இருக்கிறது, போன் அதைக் கேட்டுப் பட்டியலில் காட்டுகிறது. ஹாட்ஸ்பாட் பகுதியில் ஒரு பெயர்ப் பெட்டி இருக்கும், பலர் அதை மாற்றிவிட்டு வீட்டுப் பெயர் மாறவில்லையே என்பார்கள். அது உங்கள் போனிலிருந்து மற்றவர்களுக்கு நெட் கொடுக்கும்போது தெரியும் பெயர். வேறு விஷயம்.

ரவுட்டருக்குள் போக இரண்டு வழி. முதல் வழி ஆப். ஜியோ ஃபைபர் என்றால் மைஜியோ, ஏர்டெல் என்றால் ஏர்டெல் தேங்ஸ். கடையில் நீங்களே வாங்கிய ரவுட்டர் என்றால் அந்த நிறுவனத்தின் ஆப், உதாரணமாக டிபி-லிங்க்குக்கு டெதர். ஆப்பில் பெயர் மாற்ற இடம் இருந்தால் அதிலேயே மாற்றுங்கள், பாதித் தொல்லை வராது.

ஆப் இல்லாதவர்களுக்கு பிரவுசர். முதலில் ரவுட்டரின் முகவரி தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலில் இப்போது இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பல்சக்கரம் அல்லது அம்புக்குறி இருக்கும், அதைத் தொட்டுக் கீழே போனால் கேட்வே என்று ஒரு எண். ஐபோனில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ எழுத்தைத் தொட்டால் ரவுட்டர் என்று அதே எண். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. ஊகித்து அடிப்பதைவிடப் போன் காட்டும் எண்ணை அப்படியே அடிப்பதுதான் நல்லது.

உள்ளே போனதும் வயர்லெஸ், வைஃபை அல்லது டபிள்யூலேன் என்று ஒரு மெனு. அதில் எஸ்எஸ்ஐடி என்ற பெட்டிதான் பெயர். இரண்டு அலைவரிசை உள்ள ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "பழைய பெயரும் தெரியுதே" என்பவர்கள் உண்டு. இரண்டையும் மாற்றுங்கள்.

"எண்ணை அடித்தால் பக்கம் திறக்கவில்லை"

முதல் சந்தேகம் மொபைல் டேட்டா. வைஃபையில் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 192.168.1.1 என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, சிம் வழியாகப் போனால் அது எங்கும் போய்ச் சேராது. டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதிலேயே திறந்துவிடும் என்பது என் அனுபவம்.

அதிலும் திறக்கவில்லை என்றால், எண்ணை கூகுள் தேடல் பெட்டியில் அடித்தீர்களா, பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் அடித்தீர்களா என்று பாருங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். டிபிலிங்க்வைஃபை டாட் நெட் போல எழுத்தில் இருக்கும் முகவரியை அடிப்பவர்கள் ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வெளிச் சேவை) அணைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயருக்குப் பதில் சொல்வது ரவுட்டர்தான், பிரைவேட் டிஎன்எஸ் அந்தக் கேள்வியை ரவுட்டரிடம் கேட்காமல் வெளியே கொண்டுபோய்விடுகிறது. எண்ணாக அடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. கெஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது விருந்தாளிகளுக்கென்று அதே ரவுட்டர் தரும் தனி வைஃபையில், இணைந்திருந்தாலும் பெரும்பாலும் ரவுட்டர் பக்கம் திறக்காது, அது வேண்டுமென்றே பூட்டப்பட்டது.

"இந்தப் பக்கம் பாதுகாப்பானது இல்லை" என்று பிரவுசர் எச்சரித்தால் பதற வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வெளி உலகச் சான்றிதழ் கிடையாது, அதனால் அப்படிச் சொல்கிறது. போன் காட்டிய கேட்வே எண்ணைத்தான் அடித்தீர்கள் என்று உறுதியாக இருந்தால் தொடரலாம். வேறு எந்தத் தளத்திலும் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

"லாகின் கேட்கிறது, வைஃபை பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்கிறது"

இரண்டும் வேறு வேறு. ஒன்று வீட்டு வாசலின் சாவி, இன்னொன்று உள்ளே இருக்கும் பீரோவின் சாவி. பீரோ சாவி ரவுட்டரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சுவரில் திருகி மாட்டிய ரவுட்டர் என்றால் கழற்ற வேண்டாம், போனை அடியில் நீட்டி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து மிகச் சிறியது. பெரிய ஐயும் சிறிய எல்லும், சைபரும் ஓவும் ஒன்று போலவே தெரியும்.

ஸ்டிக்கரில் உள்ளதும் செல்லவில்லை என்றால் இணைப்புக் கொடுக்க வந்த நெட்காரர் மாற்றியிருப்பார். அவரிடமே கேளுங்கள். திரும்பத் திரும்பத் தவறாகப் போட்டால் பல ரவுட்டர்கள் சில நிமிடங்களுக்குப் பூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் ஏற்காது.

இந்த இடத்தில்தான் கை ரீசெட் பட்டனுக்குப் போகும். கரூரில் என் சித்தப்பா வீட்டில் அதுதான் நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார்.

"ஏப்பா, லாகின் ஆகவே மாட்டேங்குது. பின்னால ஒரு ஓட்டை இருக்கே, குத்திப் பார்க்கவா?"

"வேண்டாம் சித்தப்பா, அதைத் தொட்டுடாதீங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இப்பத்தான்ப்பா குத்தினேன். பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சிருந்தேன்."

வீடியோ காலில் பார்த்தேன். ஃபைபர் சிக்னல் போனால் சிவப்பாக எரியும் எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருந்தது, சிக்னல் இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக எரிந்தது. அதாவது ஃபைபர் கம்பியில் ஒரு குறையும் இல்லை. இன்டர்நெட் என்று எழுதிய விளக்கு மட்டும் எரியவில்லை. கடையில் வாங்கித் தனியாக வைக்கும் ரவுட்டரை ரீசெட் செய்தால் பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் உள்ளதற்குத் திரும்பும், பல வீடுகளில் தொல்லை அதோடு முடிந்துவிடும். ஆனால் ஃபைபர் நேராகச் செருகப்பட்ட பெட்டியில், நெட் நிறுவனம் உங்களுக்கென்று போட்டு வைத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு, அவர்கள் வலையில் உங்கள் பாதையைக் குறிக்கும் விலேன் எண் எல்லாமும் உள்ளே இருக்கலாம். ரீசெட் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். உங்களுக்கு அந்த விவரம் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை ஆளும் வர மாட்டார். சித்தப்பா வீட்டுக்குத் திங்கள் மத்தியானம்தான் நெட் திரும்பி வந்தது, அதுவரை சித்தி தன் மகளோடு வீடியோவில் பேசவே இல்லை.

லாகின் கிடைக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு "வைஃபை பெயர் மட்டும் மாற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள். ஃபைபர் பெட்டிகள் பலவற்றை அவர்களால் அங்கிருந்தபடியே திறந்து மாற்ற முடியும்.

"சேவ் கொடுத்ததும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது"

மாறிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் உட்கார்ந்திருந்த கிளையை நீங்களே வெட்டினீர்கள், பழைய பெயர் மறைந்ததும் போன் விடுபட்டுவிட்டது, அதனால் "வெற்றி" என்ற செய்தி வந்து சேர வழியில்லை. மறுபடி மறுபடி சேவ் அழுத்தாமல் பிரவுசரை மூடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து வைஃபை பட்டியலைப் பாருங்கள்.

2.4 பெயர் வந்துவிட்டது, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் ஏதாவது இயங்குகிறதா என்று ரவுட்டர் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும். அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கும்.

"பாஸ்வேர்டு அதேதான், சரியாகத்தான் போடுகிறேன், சேரவில்லை"

பெயரை மட்டும்தானே மாற்றினோம், பாஸ்வேர்டை இல்லையே, ஏன் எல்லாம் மறுபடி கேட்கிறது என்ற கேள்வி நியாயமானது. சாதனங்கள் பாஸ்வேர்டைப் பெயரோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அதோடு டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் உண்மையான பூட்டுச் சாவி பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்து எடுக்கப்படுவது. பெயரில் ஒரு புள்ளி மாறினாலும் சாவி மாறிவிடும். அதனால் சாதனத்துக்கு இது முழுக்கப் புது இடம்.

புதிதாகப் போட்டும் சேரவில்லை என்றால் பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ நுழைந்திருக்க வாய்ப்பு உண்டு. போனிலிருந்து மாற்றுபவர்களுக்கே உரிய சிக்கல் இது. கீபோர்டு மேலே காட்டும் சொல்லைத் தட்டித் தேர்ந்தெடுத்தால் அது வார்த்தைக்குப் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துப் போடும். திரையில் ஒன்றும் தெரியாது. பட்டியலில் தட்டிச் சேரும் போன் தப்பித்துக்கொள்ளும், பெயரைக் கையால் அடிக்க வேண்டிய பிரின்டரும் கேமராவும் திணறும். பெயர்ப் பெட்டியின் கடைசியில் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். எழுத்து போகாமல் கர்சர் மட்டும் நகர்ந்தால் அங்கே இடைவெளி இருந்தது.

ஐபோனில் இன்னொன்று. மேற்கோள் குறியை அடித்தால் அது நேராக இருக்காமல் வளைந்த குறியாக விழும். கம்ப்யூட்டர் கீபோர்டில் நேர்க்குறிதான் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு எழுத்துகள். பெயரில் அந்தக் குறியே வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் உண்டு, போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கும்.

பக்கத்து வீட்டிலும் அதே பெயர் இருந்தால்? அடுக்ககங்களில் நடக்கிறது. போன் உங்கள் பாஸ்வேர்டை வைத்து அவர்கள் ரவுட்டரில் சேரப் பார்க்கும், அது தவறு என்று விரட்டும். பெயர் வைக்கும் முன் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"தமிழில் பெயர் வைத்தேன், பாதியில் நிற்கிறது, அல்லது கட்டம் கட்டமாகத் தெரிகிறது"

தமிழில் வைக்கலாம், எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வைஃபை பெயருக்கு மொத்த இடம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், அதனால் 32 எழுத்து போடலாம். தமிழில் 'க' போன்ற ஓர் அகரமேறிய எழுத்துக்கே 3 பைட், கொம்போ காலோ புள்ளியோ சேர்ந்தால் அதற்குத் தனியாக இன்னும் 3. 'மு' என்பது 6 பைட். 'முருகன் இல்லம்' என்று வைக்கப் பார்த்தால் முதல் சொல்லுக்கு 21, இடைவெளிக்கு 1, அடுத்த சொல்லுக்கு 18, ஆக 40. இடம் போதாது, 'இல்லம்' நடுவிலேயே முறியும் அல்லது ரவுட்டர் ஏற்கவே மறுக்கும். 'நம்ம வீடு' என்றால் 25, தாராளமாகப் பொருந்தும், பின்னால் 5 என்று போட்டுக்கொள்ளவும் இடம் மிஞ்சும்.

சில ரவுட்டர் பக்கங்கள் ஆங்கிலம் தவிர எதையும் விடாது, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. சில பழைய டிவிகளும் பிரின்டர்களும் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டும், சில சேரவும் செய்யாது. வீட்டில் அப்படிப்பட்ட சாதனம் ஒன்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தமிழ்ப் பெயரும் 2.4க்கு ஆங்கில எழுத்தும் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், ஒரு குறையும் இல்லை.

"போன் சேர்ந்துவிட்டது, டிவி, கேமரா, பல்பு எதுவும் சேரவில்லை"

டிவி எளிது, ரிமோட்டை எடுத்துப் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட்டால் முடிந்தது. மற்றவைதான் உயிரை வாங்கும். திரை இல்லாத பொருளிடம் புதுப் பெயரைச் சொல்ல வழி கிடையாது. கேமராவைப் பல சமயம் ரீசெட் செய்து, ஆப்பில் புதிதாகச் சேர்த்து, போனில் வரும் கியூஆரை அதன் கண்ணுக்கு முன் நீட்ட வேண்டும். மாடி விளிம்பில் மாட்டிய கேமரா என்றால் ஏணி வேண்டும். சோலார் இன்வர்ட்டரில் வைஃபை டாங்கிள் இருந்தால் மொட்டை மாடிக்கும் போக வேண்டும்.

ஏணி ஏறாமல் ஒரு வழி இருக்கிறது. பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் அல்லது இரண்டாவது எஸ்எஸ்ஐடி என்று ஒன்று இருக்கும். அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில், பழைய அதே டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் ஓட விடுங்கள். கேமராவும் பல்பும் தாங்கள் தேடிய வீடு திரும்பி வந்துவிட்டது என்று தாமாகவே சேர்ந்துகொள்ளும். போன், லேப்டாப், டிவி எல்லாம் புதுப் பெயரில். ஆனால் கெஸ்ட்டில் இருப்பதை மெயினில் இருப்பது பார்க்க முடியாதபடி பல ரவுட்டர்கள் பிரித்து வைக்கும், ஆகையால் பிரின்டரையும் போனிலிருந்து படம் அனுப்பும் டிவியையும் அதில் விடாதீர்கள்.

பல்பு, பிளக் போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். புதிதாகச் சேர்க்கும்போது சிக்கினால் ரவுட்டரில் 5ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டுச் சேருங்கள், சேர்ந்ததும் திரும்பப் போடுங்கள்.

"மாடி அறையில் மட்டும் பழைய பெயர் தெரிகிறது, சேர்ந்தால் நெட் வரவில்லை"

மாடியில், வைஃபையைத் தூரத்துக்கு நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் ஒன்று செருகியிருக்கிறீர்கள், மறந்துவிட்டீர்கள். அது கீழே இருந்த பழைய பெயரைத் தேடி ஏமாந்துகொண்டு, மேலே தன் பங்குக்குப் பழைய பெயரையே கூவிக்கொண்டிருக்கிறது. அதன் ஆப்பில் போய்ப் புது மெயின் நெட்வொர்க்கைக் காட்டுங்கள். இதை ரீசெட் செய்தால் பரவாயில்லை, உள்ளே நெட் நிறுவனத்தின் விவரம் எதுவும் கிடையாது.

"பிள்ளையின் போனுக்கு வைத்த நேரக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை" அல்லது "சேருகிறது, நெட் மட்டும் இல்லை"

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம். ஆண்ட்ராய்டு 10 முதல், ஐஓஎஸ் 14 முதல், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் போன் தனித்தனியாக ஒரு மேக் முகவரியை, அதாவது ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காணும் எண்ணை, காட்டுகிறது. பெயர் மாறியதும் அதே போன் புது முகவரியோடு வந்து நிற்கிறது, ரவுட்டருக்கு அது யாரோ புது ஆள். பழைய முகவரிக்குப் போட்ட இரவு பத்து மணித் தடை அதைக் கட்டுப்படுத்தாது. மறுபுறம், தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் அனுமதி என்று வடிகட்டி வைத்திருந்தால் உங்கள் போனே வெளியே நிற்கும். ரவுட்டர் பட்டியலில் புது முகவரியைப் பார்த்து விதியை மறுபடி போடுங்கள்.

"இரண்டு நாள் கழித்துப் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது"

யாராவது ரீசெட்டை அழுத்தினார்களா என்று வீட்டில் கேளுங்கள். இல்லை என்றால் நெட் நிறுவனத்தின் வேலை. அவர்கள் தொலைவிலிருந்து பெட்டிகளை நிர்வகிக்கிறார்கள், மென்பொருள் புதுப்பிக்கும்போது அவர்கள் பதிவில் இருக்கும் பழைய பெயரை மறுபடி எழுதிவிடுவதுண்டு. ரவுட்டர் பக்கத்தில் மாற்றாமல் அவர்களுடைய ஆப்பில் மாற்றினால் அந்தப் பதிவும் மாறும், பெயர் நிலைக்கும்.

பெயராக எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு: கதவு எண், போன் எண், முழுப் பெயர் வேண்டாம், தெருவில் போகிறவர் எல்லாம் படிக்கும் பலகை அது. சதவீதக் குறியும் வேண்டாம். 2021இல் சதவீதக் குறிகளோடு சில எழுத்துகள் கலந்த ஒரு பெயரில் சேர்ந்த ஐபோன்களில் வைஃபையே செயலிழந்தது, ஐஓஎஸ் 14.7இல்தான் சரிசெய்தார்கள். பெயரை மறைத்து வைப்பதும் வேண்டாம், அது திருடனைத் தடுக்காது, உங்கள் போன்தான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மாற்றி முடித்ததும் புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்துச் சுவரில், ஸ்டிக்கரை மறைக்காமல் ஒட்டிவிடுங்கள். சித்தப்பா வீட்டில் இப்போது அந்தத் தாள் இருக்கிறது. ரீசெட் துளையின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பும் இருக்கிறது.